வசனமும் பந்தியும்

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்பது நம் ஊர் புராட்டஸ்டண்ட் சபைகள் பலவற்றில் வழக்கம். ஒரு தட்டு நிறைய சின்னச் சின்ன அட்டைகள், ஆளுக்கு ஒரு வசனம். அதுதான் அந்த ஆண்டுக்கான வழிகாட்டி. மகளுக்குக் கல்யாணம் கூடுமா, வட்டிக்கடன் தீருமா, பையனுக்கு வேலை கிடைக்குமா என்று மனதில் நினைத்துக்கொண்டு எடுப்பார்கள். இதை நாம் கேலி செய்ய வரவில்லை. நிலமும் அதிகாரமும் இல்லாத குடும்பங்களில் ஒரு வரி எழுத்து எத்தனை பேரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும். நம் தோழர்களில் சபைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள், போவதை நிறுத்தியவர்கள் இருக்கிறார்கள், அம்பேத்கர் காட்டிய வழியில் பவுத்தத்துக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். மூன்று தரப்பினர் வீட்டிலும் பாட்டியின் வேதாகமம் ஒன்று எங்காவது இருக்கும்.

கேட்க வேண்டிய கேள்வி வேறு. வேதமே அன்றாட வாழ்க்கைக்கு வழிகாட்டி என்று எல்லாச் சபைகளும் சொல்கின்றன. எந்த அன்றாடத்துக்கு? தூங்கி எழுவதற்கும், பரீட்சை எழுதுவதற்கும், நோயில் படுத்திருப்பதற்கும் வசனம் இருக்கிறது. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது, யார் கையிலிருந்து தண்ணீர் வாங்குவது, யார் பக்கத்தில் புதைக்கப்படுவது என்பதெல்லாம் அன்றாடம் இல்லையா? தமிழ்க் கிறிஸ்தவத்தின் வரலாற்றில் பெரிய சண்டைகள் பலவும் இந்த இடத்தில்தான் நடந்தன. மோட்சம் பற்றிய சண்டையைவிடப் பந்தி பற்றிய சண்டைதான் இங்கே சபைகளை அதிகம் உடைத்தது.

சாதி பற்றிப் பேச்சு வந்தாலே கலாத்தியர் 3:28ஐ எடுத்துக் காட்டுவது வழக்கம். கிறிஸ்துவுக்குள் யூதர், கிரேக்கர் என்றோ, அடிமை, சுதந்திரர் என்றோ, ஆண், பெண் என்றோ வேறுபாடு இல்லை என்கிற வசனம். பேனரில் போடுவதற்கு வசதியான வசனம். அதைப் போட்ட மேடையிலேயே சாதிச் சங்கத் தலைவருக்குச் சால்வை போர்த்தவும் முடிகிறது. ஆதிக்க சாதிக் கிறிஸ்தவர்கள் யாரும் அந்த வசனத்தை மறுத்ததில்லை. ஆவிக்குரிய வாழ்வில் எல்லோரும் ஒன்று, ஒப்புக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். (அந்த வசனத்தின் மூன்றாவது பாகத்தை நம் ஆண் தோழர்களும் ஆவிக்குரிய அர்த்தத்தில்தான் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதையும் இங்கே சொல்லி வைப்போம்.)

ஒரு அதிகாரம் முன்னால் போனால் இப்படித் தப்பிக்க முடியாது. கலாத்தியர் 2:11 முதல் 14 வரை உள்ள நான்கு வசனங்கள். இடம் அந்தியோகியா நகரம். பேதுரு அங்கே வந்து, யூதர் அல்லாத விசுவாசிகளோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயத்தில் பேதுரு பந்தியிலிருந்து மெல்ல விலகுகிறார். அவரைப் பார்த்து மற்ற யூத விசுவாசிகளும் விலகுகிறார்கள். பர்னபாகூட இழுபட்டுப் போகிறார். பவுல் இதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும், முகத்துக்கு நேராகக் கேட்டார். பேதுருவின் உபதேசத்தில் பிழை என்று பவுல் சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். நடை கோணலாக இருக்கிறது என்றுதான் சொன்னார். விசுவாசம் சரி, நடத்தைதான் தப்பு. எந்த இலையிலிருந்து எழுந்தாய் என்பதே குற்றச்சாட்டு.

இந்த நான்கு வசனங்களைத் தமிழ்நாட்டில் கொண்டுவந்து வைத்தால் என்ன ஆகும்? என்ன ஆனது என்பதற்கு வரலாறு இருக்கிறது.

1706 ஜூலையில் சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு அங்கிருந்த அச்சகத்தில் 1714இலும் 1715இலுமாக அச்சாகி முடிந்தது. இந்திய மொழி ஒன்றில் அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அது. இதைத் தமிழ் அச்சு வரலாற்றின் பெருமையாக எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தப் புத்தகம் யார் கையில் போய் என்ன செய்தது என்பதைக் குறைவாகவே எழுதுகிறார்கள்.

அப்படி அது போய்ச் சேர்ந்த கைகளில் ஒன்று ராஜநாயக்கனுடையது. பறையர். தஞ்சாவூர் மன்னரின் படையில் சேர்வைக்காரராக இருந்தவர். பிறப்பில் கத்தோலிக்கர், எழுத்துப் படிக்கத் தெரிந்தவர். தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் அடங்கிய தமிழ்ப் புத்தகம் அவருக்குக் கிடைத்தது. மிஷனரி எவரும் அவர் வீடு தேடிப் போய்ப் பிரசங்கம் செய்யவில்லை. அவராகவே படித்தார், அவராகவே முடிவெடுத்தார், 1727இல் அவராகவே தரங்கம்பாடி மிஷனோடு சேர்ந்தார். அடுத்த ஆண்டிலிருந்து உபதேசியார். தஞ்சாவூர் நாட்டுக்குள் ஐரோப்பிய மிஷனரிகள் நினைத்தபடி நுழைய முடியாத காலத்தில் அங்கே சபைகளை வளர்த்தவர்களில் அவர் முக்கியமானவர். 1771இல் இறக்கும்வரை, 40 ஆண்டுகளுக்கு மேல் அந்த வேலையைச் செய்தார்.

அவர் குருவாக அபிஷேகம் பண்ணப்படவில்லை. 1733இல் வெள்ளாளரான ஆரோன் முதல் தமிழ்ப் போதகராக நியமிக்கப்பட்டார். 1741இல் தியோகு நியமிக்கப்பட்டார். ராஜநாயக்கனின் தகுதியில் மிஷனரிகளுக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அவர் கையால் திருவிருந்து கொடுத்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்களுக்கு அந்தத் திருவிருந்தின்மேலேயே மதிப்புக் குறைந்துவிடும் என்பதுதான் அவர்கள் எழுதி வைத்த காரணம். ஒரு கை தொட்டால் கிறிஸ்துவின் அப்பத்துக்கே மதிப்புக் குறைகிறதாம். ஆட்டுத்தோல் போர்த்தாத தீண்டாமை இது. இதை எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்ல, பக்தியுள்ள ஜெர்மானியர்கள். வேதம் மட்டுமே ஆதாரம் என்று சொல்லி ரோமைவிட்டுப் பிரிந்த லூத்தரின் பிள்ளைகள். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்கு வேதம் போதவில்லை. ஊர் வழக்கம் என்ற இன்னொரு ஆதாரம் தேவைப்பட்டது.

அதே காலத்துத் தரங்கம்பாடி ஆலயத்தில் வெள்ளாளரும் பறையரும் தனித்தனியாகத்தான் உட்கார்ந்தார்கள். திருவிருந்தில் சில காலம் இரண்டு கிண்ணங்கள் இருந்தன. யாக்கோபு நிருபத்தின் இரண்டாம் அதிகாரம் இருக்கை பற்றியே பேசுகிறது. பொன்மோதிரம் போட்டவன் வந்தால் நல்ல இடம், கந்தல் உடுத்தவன் வந்தால் நின்றுகொள் அல்லது என் காலடியில் உட்கார் என்று சொல்வீர்களா என்று கேட்கிறது. தரங்கம்பாடியில் அச்சான புத்தகத்திலும் அந்த அதிகாரம் இருந்தது.

ராஜநாயக்கன் ஒருவர்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். நாஞ்சில் நாட்டு மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் சாம்பவர் சமூகத்தவர். சிதம்பரத்துக்குத் தீர்த்தயாத்திரை போனவர், திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கோலாப் ஐயரின் பிரசங்கத்தைக் கேட்டார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். ரிங்கெல்தௌபே மயிலாடிக்கு வந்து சேர்ந்தது 1806இல்தான். அதாவது மிஷனரி வருவதற்கு முன்பே அங்கே ஒரு சபை கூடத் தொடங்கியிருந்தது. அரிசி மூட்டைக்கும் கோதுமைக்கும் மதம் மாறியவர்கள் என்று நம்மைப் பார்த்துச் சொல்கிறவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேடிப் போனவர்கள் நாம்.

இனி 1833. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் அந்த ஆண்டு ஜூலையில் தென்னிந்திய சபைகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே, முற்றாக விட்டுவிட வேண்டும், இனித் தவணை கிடையாது என்பது அதன் சாரம். சென்னை வேப்பேரியில் அது வாசிக்கப்பட்டபோது, மிஷன் ஆவணங்கள் 'சூத்திரர்' என்று குறிக்கும் வெள்ளாளர் முதலான சாதிக் கிறிஸ்தவர்களில் பெரும்பாலோர் ஆலயத்தைவிட்டு வெளியேறினார்கள். தஞ்சாவூரிலும் அதே எதிர்ப்பு. 1835 தொடக்கத்தில் வில்சன் நேரில் வந்தார். திருச்சிராப்பள்ளியில் அவர் நடத்திய திருவிருந்தில் சாதிக் கிறிஸ்தவர், பறையர், ஐரோப்பியர் என்று மாறி மாறிக் கலந்து வரும்படி செய்தார்கள். அந்தியோகியா தமிழ்நாட்டுக்கு வந்தது என்று சொன்னால் மிகையில்லை. எருசலேம் ஆட்களும் கூடவே வந்தார்கள்.

எதிர்த்தவர்களில் மிகப் பெரிய பெயர் தஞ்சாவூர் வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864). இன்றும் தமிழ்ச் சபைகளில் பாடப்படும் கீர்த்தனைகள் பல அவருடையவை. புதிதாக வந்த மிஷனரிகள் செய்த கொடுமைகள் நான்கு என்று அவர் தரப்பு பட்டியல் போட்டது. பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது ஒன்று. எல்லாச் சாதியாரையும் கட்டாயமாகச் சேர்த்தது இரண்டு. பண்டிகைகளிலும் சடங்குகளிலும் பூவை விலக்கியது மூன்று. தமிழ்க் கீர்த்தனையையும் சங்கீதத்தையும் ஆலயத்திலிருந்து நீக்கியது நான்கு.

இந்தப் பட்டியலில் நாம் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. மூன்றாவதும் நான்காவதும் நியாயமான கோபம். தமிழனின் பூவையும் பாட்டையும் அஞ்ஞானம் என்று சொல்ல ஐரோப்பியனுக்கு என்ன உரிமை? முதல் குற்றச்சாட்டிலும் ஒரு நியாயம் இருக்கிறது. பழக்கப்பட்ட வேதத்தின் சொற்களை மாற்றினால் மனது வலிக்கத்தான் செய்யும். இவற்றோடு சேர்த்து இரண்டாவதையும் ஒரே மூச்சில் சொல்லிவிட முடிந்ததுதான் நமக்குப் பாடம். சாதி அங்கே பண்பாட்டின் ஓர் இழையாக, பூவோடு பூவாகச் சேர்த்துக் கட்டப்பட்டிருக்கிறது. வேதத்தின் ஒரு சொல் மாறினாலும் பொறுக்காத அளவுக்கு அதை மதித்தவர்களுக்கு, அந்த வேதம் கலாத்தியாவில் என்ன சொல்கிறது என்பது இடைஞ்சலாக இல்லை. வேதத்தை நேசிப்பது வேறு, அதற்குக் கீழ்ப்படிவது வேறு. இன்று தமிழ்ப் பண்பாடு, மண்ணின் மரபு என்று யாராவது பேசினால் அந்தப் பூமாலைக்குள் என்ன கட்டியிருக்கிறது என்று நாம் பிரித்துப் பார்ப்பது இதனால்தான்.

சாதிக் கிறிஸ்தவர்கள் வசனம் இல்லாமல் வாதாடினார்கள் என்றும் நினைத்துவிடக் கூடாது. அவர்களிடமும் வசனம் இருந்தது. சாதி என்பது லௌகீக வேறுபாடு, இங்கிலாந்தில் பிரபுவும் குடியானவனும் இருப்பதுபோல, அதற்கும் ஆத்தும இரட்சிப்புக்கும் சம்பந்தமில்லை என்பது முதல் வாதம். இரண்டாவது வாதத்துக்கு ரோமர் 14ஆம் அதிகாரமும் 1 கொரிந்தியர் 8ஆம் அதிகாரமும் கைகொடுத்தன. உணவு விஷயத்தில் மனச்சாட்சி பலவீனமான சகோதரனை இடறச் செய்யாதே என்று பவுல் அங்கே எழுதுகிறார். பறையரோடு சாப்பிடுவதை எங்கள் மனம் இன்னும் ஏற்கவில்லை, நாங்கள் பலவீனர், எங்களைக் கட்டாயப்படுத்தி இடறவைக்காதீர்கள் என்றார்கள். யோசித்துப் பாருங்கள். நிலம் அவர்களிடம், படிப்பு அவர்களிடம், மிஷன் வேலைகளில் நல்ல பதவி அவர்களிடம். ஆனாலும் வேதத்தைத் திறந்ததும் அவர்கள் பலவீனர் ஆகிவிட்டார்கள். வயலில் உழைத்துவிட்டு வந்து ஆலயத்தின் ஓரத்தில் உட்கார்ந்தவன் பலவானாகிவிட்டான், அவன்தான் பொறுத்துப்போக வேண்டும்.

1850இல் சென்னை மிஷனரி மாநாடு சாதிக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. சாதியை விட்டதற்குச் சாட்சி வாயால் சொல்வது அல்ல, மற்றச் சாதியார் சமைத்ததைக் கூட உட்கார்ந்து சாப்பிடுவதுதான் என்ற நிலைக்குப் பல மிஷன்கள் வந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மதுரையில் அமெரிக்க மிஷன் தன் உபதேசிமார்களுக்கு இந்தச் சோதனையை வைத்தது. பலர் சாப்பிட மறுத்து வேலையை விட்டார்கள். பைபிளை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்கள், ஊர் ஊராகப் போய்ப் பிரசங்கித்தவர்கள், ஒரு கவளம் சோற்றில் நின்றுவிட்டார்கள். லைப்சிக் மிஷன் மட்டும் வேறு வழியில் போனது. சாதி சமூக வழக்கம், சுவிசேஷம் உள்ளிருந்து அதை மெல்லக் கரைக்கும், கட்டாயம் வேண்டாம் என்பது அதன் இயக்குநர் கார்ல் கிரவுலின் கருத்து. மற்ற மிஷன்களோடு முரண்பட்ட சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் லைப்சிக் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள். கரையும் கரையும் என்று சொன்னது இன்றுவரை கரையவில்லை.

வில்சனையோ மற்ற மிஷனரிகளையோ நாம் தலையில் தூக்கி வைத்து ஆடத் தேவையில்லை. சாதியை ஒழியுங்கள் என்று அவர்கள் உபதேசித்த அதே நாட்டில் வெள்ளையர் தனிக் கோயில், தனிக் கிளப், தனிக் கல்லறை வைத்திருந்தார்கள். சென்னைத் துரைமார் வீட்டுச் சமையலறைகளில் வேலை பார்த்தவர்களில் பறையர் அதிகம். அவர்கள் சமைத்ததைத் துரை சாப்பிட்டார், ஆனால் சமைத்தவரோடு சேர்ந்து சாப்பிடவில்லை. அந்தியோகியா துரைக்கும் கசக்கத்தான் செய்தது.

இங்கே இளம் தோழர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். கலாத்தியர் எழுதியதும் பவுல், ரோமர் எழுதியதும் பவுல். அடிமைகள் எஜமானுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற எபேசியர் 6ஆம் அதிகாரமும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. அப்படியிருக்க வேதத்தை எப்படி வழிகாட்டியாக நம்புவது?

அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்கள் இந்தக் கேள்வியை நமக்கு முன்பே சந்தித்தார்கள். 1807இல் லண்டனில், பிரிட்டிஷ் மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று ஒரு பைபிள் அச்சிட்டார்கள். பழைய ஏற்பாட்டில் பெரும்பகுதியும் புதிய ஏற்பாட்டில் ஏறத்தாழப் பாதியும் அதில் இல்லை. இஸ்ரவேலர் எகிப்திலிருந்து விடுதலையான கதை வெட்டப்பட்டது. கலாத்தியர் 3:28 வெட்டப்பட்டது. அடிமைகளைக் கீழ்ப்படியச் சொல்லும் பகுதி பத்திரமாக இருந்தது. எந்தப் பக்கம் தனக்கு ஆபத்து என்பது தோட்ட முதலாளிக்கு வேதசாஸ்திரப் பண்டிதரைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது. பிற்காலத்தில் அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ஹோவர்ட் தர்மன் தன் பாட்டியைப் பற்றி எழுதினார். அடிமையாகப் பிறந்த அந்த அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது, பேரன்தான் வேதம் வாசித்துக் காட்ட வேண்டும். பவுலின் நிருபங்களை மட்டும் வாசிக்க விடமாட்டார். எஜமானனின் போதகர் எப்போதும் அந்தக் கீழ்ப்படிதல் வசனத்தை வைத்தே பிரசங்கித்ததால், விடுதலை கிடைத்தால் அந்தப் பகுதியைத் தொடுவதில்லை என்று அவர் முடிவு செய்திருந்தார். வேதத்தை அவர் தூக்கி எறியவும் இல்லை, கண்ணை மூடிக்கொண்டு விழுங்கவும் இல்லை.

நமக்கு அருகில், திருவிதாங்கூரில், பொய்கையில் யோகன்னான் (1879–1939) இன்னொரு முடிவுக்குப் போனார். இரவிபேரூரில் பறையர் குடும்பத்தில் பிறந்தவர். மார்த்தோமா சபையில் இருந்தார், பிறகு பிரதரன் கூட்டத்தாரோடு இருந்தார். வேதத்தில் புலமை மிக்க பிரசங்கி. போன இடமெல்லாம் சாதி முன்னால் வந்து நின்றது. அடிமைகளாக விற்கப்பட்ட எங்கள் மூதாதையரின் கதை இந்தப் புத்தகத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டார். வாகத்தானத்தில் வேதாகமத்தை எரித்தார். பிறகு பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையைத் தொடங்கினார், ஸ்ரீமூலம் பிரஜா சபையில் உறுப்பினராகவும் இருந்தார். அந்த நெருப்பை இன்றும் பல கிறிஸ்தவர்கள் நாத்திகம் என்பார்கள். நமக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது. வேதத்தை அன்றாட வாழ்வின் வழிகாட்டி என்று முழுதாக நம்பிய ஒருவர், அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்திருப்பவர்களே அதன்படி நடக்காதபோது எவ்வளவு தூரம் போவார் என்பதற்கு அது சாட்சி. அலட்சியமாக இருப்பவன் புத்தகத்தை எரிப்பதில்லை, பீரோவில் பூட்டி வைத்துவிடுகிறான்.

ஆக, ராஜநாயக்கன் படித்தார், தர்மனின் பாட்டி பொறுக்கி எடுத்தார், யோகன்னான் எரித்தார். மூவரும் ஒரே இடத்திலிருந்துதான் வாசித்தார்கள். ஒரே வசனத்தைப் பந்தியில் உட்கார்ந்திருப்பவன் வாசிப்பதற்கும், பந்திக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் வாசிப்பதற்கும் வித்தியாசம் உண்டு. 1981இல் பெங்களூரு இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் ஆற்றிய உரையிலிருந்து வளர்ந்த தலித் இறையியல் இதைத்தான் முறையான கல்வியாக்கியது. உபாகமம் 26ஆம் அதிகாரத்தில், நாடோடியாய்த் திரிந்த மூதாதையை மறைக்காமல் சொல்லித் தொடங்கும் அறிக்கையை நிர்மல் எடுத்துக்கொண்டார். தன் கீழான தொடக்கத்தை வாய்விட்டுச் சொல்வது வெட்கம் அல்ல, அதுவே விசுவாச அறிக்கை என்றார். சான்றிதழிலும் கல்யாணப் பத்திரிகையிலும் சாதியை மறைத்து வாழப் பழகிய தலித் கிறிஸ்தவ நடுத்தர வர்க்கத்துக்கு இது எவ்வளவு பெரிய அதிர்ச்சி என்று சொல்லத் தேவையில்லை.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு, நம் எல்லோருக்கும் பரட்டை அண்ணன், இதைச் சமையலறைக்கே கொண்டுபோனார். அவருடைய சொல் 'ஒரு ஒலை'. ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பது. கடவுளின் ஆட்சி எப்படி இருக்கும் என்று கேட்டால் ஒரு ஒலைபோல இருக்கும் என்பார். திருவிருந்தை ஒரு துளி ரசமும் ஒரு சின்ன அப்பத் துண்டுமாகச் சுருக்கிவிட்டார்கள், அது வயிறு நிறையச் சாப்பிடும் சாப்பாடாக இருந்தது என்பது அவர் வாதம். 1 கொரிந்தியர் 11ஆம் அதிகாரத்தைப் படித்தால் அவர் பக்கம் நியாயம் இருப்பது தெரியும். கொரிந்துவில் வசதியுள்ளவர்கள் முதலில் சாப்பிட்டு முடித்துவிடுகிறார்கள், உழைத்துவிட்டுத் தாமதமாக வருகிற ஏழை பசியோடு நிற்கிறான். முதல் பந்தி, கடைசிப் பந்தி. நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய பந்தியே அல்ல என்று பவுல் அங்கே கோபப்படுகிறார். பரட்டை அண்ணன் கடவுளை ஆண்டவரே என்றல்ல, பெத்தவரே என்று கூப்பிட்டார். தாய்க்கும் பொருந்தும், தகப்பனுக்கும் பொருந்தும், ஆண்டைக்குப் பொருந்தாது. தீட்டு என்று ஒதுக்கப்பட்ட பறையை ஆராதனையில் ஒலிக்க வைத்தார். 2005இல் அவர் போன பிறகு பாட்டுகள் நிறைய இடங்களில் தொடர்கின்றன. பாடுவது சுலபம், உலை வைப்பது கஷ்டம் என்பதால் ஒலை அவ்வளவாகத் தொடரவில்லை என்பதே நம் கணிப்பு.

கத்தோலிக்கப் பக்கம் கதை வேறல்ல, சுவர் மட்டும் கண்ணுக்குத் தெரிந்தது. நெல்லை வடக்கன்குளத்தில் 1872இல் சாதிக்கு ஒன்றாக இரு கிளைகள் வைத்தே கோயில் கட்டினார்கள். 1910இல் அங்கிருந்த தடுப்பை அருட்தந்தை கௌசானல் அகற்றியபோது வெள்ளாளர் நீதிமன்றம் போய்த் தோற்றார்கள். (அந்தச் சண்டை வெள்ளாளருக்கும் நாடாருக்கும் இடையில் நடந்தது. நம்மவர் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.) திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் பிணங்களுக்கு நடுவிலும் சுவர் எழுப்பினார்கள். 2008 மார்ச்சில் விழுப்புரம் மாவட்டம் எறையூரில் தனிப் பங்கு கேட்ட தலித் கத்தோலிக்கர்களின் வீடுகள் தாக்கப்பட்டன, போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். தலித் அல்லாத கிறிஸ்தவர்கள் தலித் கிறிஸ்தவர்களைத் தாக்கிய சம்பவம் அது. இரு தரப்பும் அந்தத் தவக்காலத்தில் ஒரே வாசகங்களைத்தான் கேட்டிருப்பார்கள். 2003இல் போப் இரண்டாம் ஜான் பால் தமிழக ஆயர்களிடம் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016இல் இந்திய ஆயர் பேரவை தலித் மேம்பாட்டுக் கொள்கை அறிக்கையில், திருச்சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது.

கடைசியாக, இந்த வசனத்தை எழுத்துக்கு எழுத்து நம்புகிற ஒரு நிறுவனம் நாட்டில் இருக்கிறது. அது சபை அல்ல, அரசு. 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதிகள் ஆணை, மூன்றாவது பத்தி: இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆக முடியாது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பவுத்தருக்கும் அது திருத்தப்பட்டது. கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் திருத்தப்படவில்லை. சொல்லப்படும் காரணம், உங்கள் மதத்தில்தான் சாதி கிடையாதே என்பது. பேராயர் வில்சன் கெஞ்சியும் மிரட்டியும் ஏற்கவைக்க முடியாத கலாத்தியர் 3:28ஐ, உள்துறையின் கோப்பு ஒரே வரியில் ஏற்றுக்கொண்டுவிட்டது! 1985இல் சூசை வழக்கில் உச்ச நீதிமன்றம், மதம் மாறிய பிறகும் அதே கடுமையோடு ஒடுக்குமுறை தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் காட்டப்படவில்லை என்றது. வழக்கு தொடுத்தவர் செருப்புத் தைக்கும் தொழிலாளி. மதம் மாறிய பிறகும் அவர் செருப்புத்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

இதன் விளைவு அன்றாடத்தில் என்ன? தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில், தன்னைக் கல்லறையில் சேர்க்காத அதே சாதிக் கிறிஸ்தவர்களோடு இடத்துக்குப் போட்டியிடுகிறார். தனித்தொகுதியில் நிற்க முடியாது. சாதிப் பெயரைச் சொல்லி ஊர் நடுவில் அடித்தாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. சேரியில் சர்ச்சும் மாரியம்மன் கோயிலும் எதிரெதிரே இருக்கும். அடிக்க வருகிறவன் எந்த வாசல் என்று பார்த்து அடிப்பதில்லை. காவல் நிலையத்தில் மட்டும் பார்ப்பார்கள். இந்தப் பயத்தில்தான் எத்தனையோ குடும்பங்கள் ஞாயிறன்று ஒரு பெயரும் சான்றிதழில் ஒரு பெயருமாக வாழ்கின்றன. இரட்டை வாழ்க்கை என்று இவர்களைப் பழிக்கிற போதகர்கள் உண்டு. பந்தியில் இரட்டை வாழ்க்கை வாழ்பவர்களைப் பற்றி அவர்கள் பிரசங்கம் செய்து நாம் கேட்டது குறைவு.

2007இல் அரசிடம் அளிக்கப்பட்ட ரங்கநாத் மிஸ்ரா ஆணையத்தின் அறிக்கை அந்த மூன்றாவது பத்தியை நீக்கச் சொன்னது. நடக்கவில்லை. 2022இல் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். சாட்சி சொல்லப் போகிற நம் தோழர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஆணையத்தின் முன்னால் சபைத் தலைவர்கள் தலித் கிறிஸ்தவர்களுக்கு உரிமை கேட்கும்போது, எங்கள் சபையில் தீண்டாமை இருக்கிறது என்று ஆதாரத்தோடு சொல்ல வேண்டியிருக்கும். எந்த ஆலயம், எந்தக் கல்லறை, எந்தப் பந்தி என்று ஊர் பெயரோடு சொல்ல வேண்டும். பவுல் பேதுருவைக் கேட்டதுபோல, எல்லோர் முன்னாலும், முகத்துக்கு நேராக. உரிமை கேட்டு 2004இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு நிலுவையில் கிடக்கிறது.